முப்பது வயதுக் கிழவர்

1965 டிசம்பர் 9ஆம் தேதி, அமெரிக்காவின் சின்சினாட்டி ரெட்ஸ் என்ற பேஸ்பால் அணி, தன்னிடம் பத்துப் பருவம் ஆடிய ஃபிராங்க் ராபின்சனை பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு மூன்று பேரை வாங்கிக்கொண்டது. அவர்களில் பெயர் சொல்லும்படியானவர் மில்ட் பாப்பஸ் என்ற பந்துவீச்சாளர் ஒருவர்தான். அந்தப் பருவத்தில்கூட ராபின்சன் 33 ஹோம்ரன் அடித்திருந்தார். (ஹோம்ரன் நம் சிக்சருக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.) இப்படிப்பட்டவரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, அணியின் முதலாளி பில் டெவிட் சொன்ன பதிலின் சாரம் இது: வயது முப்பதுதான், ஆனால் அது இளமையான முப்பது இல்லை.

அந்த ‘முப்பது வயதுக் கிழவர்’ அடுத்த வருடம் செய்தது பேஸ்பால் பிரியர்களுக்கு மனப்பாடம். பேட்டிங் சராசரி, ஹோம்ரன், அடித்து உள்ளே கொண்டுவந்த ஓட்டங்கள் என மூன்றிலும் அமெரிக்கன் லீக் என்ற பிரிவில் அவரே முதலிடம்: 0.316, 49, 122. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. பருவத்தின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸில் ஓரியோல்ஸுக்கு முதல் பட்டம் கிடைத்தது. பாப்பஸ் சின்சினாட்டியில் இரண்டரைப் பருவம் இருந்துவிட்டு வேறு ஊருக்குப் போனார்.

டெவிட்டை முட்டாள் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அறுபது வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ அவர்மேல் இரக்கம்தான் வருகிறது. அவர் நம்பிய விதி சரி. அதைப் போட்டுப் பார்த்த ஆள்தான் தப்பு. இது எப்படி என்று புரிந்துகொள்ள முயன்றால் புள்ளியியலின் மிக வினோதமான ஒரு மூலைக்குப் போய்ச் சேருவோம்.

பேஸ்பால் பருவம் நவம்பர் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும். பிப்ரவரி நடுவில்தான் பயிற்சி முகாம்கள் திறக்கும். இடையில் பனி, பந்து கிடையாது. முன்பெல்லாம் சிற்றூர்க் கடைகளில் ஒரு பெரிய இரும்பு அடுப்பு எரியும். அதைச் சுற்றி உட்கார்ந்து, யாரை விற்கலாம், யாரை வாங்கலாம் என்று ஊர்க்காரர்கள் வாய்ச்சண்டை போடுவார்கள். அந்தப் பேச்சுக்கே ‘ஹாட் ஸ்டவ் லீக்’ என்று பெயர் வந்துவிட்டது. அடுப்பு போய்விட்டது, பெயர் நிற்கிறது, சண்டையும் நிற்கிறது. நம் டீக்கடை பெஞ்சில் நடப்பதேதான். அங்கே கொஞ்சம் அதிகமாகத் தசமப் புள்ளிகள் புழங்கும், அவ்வளவுதான்.

“போன வருடம் 0.320 அடித்தானே, அவனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “ஒரு வருடம் அடித்தான், அதிர்ஷ்டம்” என்பார் இன்னொருவர். அடுப்பைச் சுற்றி நடக்கும் எல்லாச் சண்டையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்: ஓர் எண்ணில் ஆள் எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு?

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பேஸ்பாலில் பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்வது) அடிப்பவர் நல்ல பேட்டர். அதனால் பத்துப் புளியங்கொட்டை எடுத்து, மூன்றில் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்து, குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுவிடுங்கள். இப்படி 45 தடவை. கணக்குப்படி பொட்டு வைத்த கொட்டை 13 அல்லது 14 தடவை வர வேண்டும். ஆனால் 17 வந்தாலும் 10 வந்தாலும் அதிசயமில்லை. 17 என்றால் சராசரி 0.378, அந்த ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். 10 என்றால் 0.222, பெஞ்சில் உட்காரவைப்பார்கள். பையில் இருந்ததோ அதே பத்துக் கொட்டை.

ஒரு பருவம் முழுக்க, அதாவது 500 தடவை எடுத்தாலும் இந்த ஊசலாட்டம் குறையுமே தவிர நிற்காது. மூன்றுக்கு இரண்டு தடவை விடை 0.280-க்கும் 0.320-க்கும் நடுவில் விழும். மீதி ஒரு தடவை அதற்கும் வெளியே. 0.280 என்றால் 140 ஹிட், 0.320 என்றால் 160. வித்தியாசம் இருபது. பருவம் ஏறக்குறைய 26 வாரம். வாரத்துக்கு ஒரு ஹிட்கூட இல்லாத இந்த வித்தியாசத்தை, தினமும் மைதானத்தில் உட்கார்ந்து பார்ப்பவரால்கூடக் கண்ணால் பிடிக்க முடியாது. ஆனால் குளிர்காலத்தில் விலை பேசும்போது அந்த இருபது ஹிட்டுக்குள் கோடிகள் புதைந்திருக்கும்.

சரி, 45 வாய்ப்பை வைத்துக்கொண்டு ஓர் ஆளின் உண்மையான திறமையை ஊகிக்கச் சொன்னால் என்ன செய்வது? அடித்த சராசரியே திறமை என்பதுதான் பள்ளிக்கூடப் பதில். 18 ஹிட் அடித்தாரா, 0.400. வேறு என்ன சொல்ல முடியும்?

வேறு சொல்ல முடியும் என்று 1950களில் காட்டியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்டீன். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒரே சமயத்தில் மதிப்பிட வேண்டியிருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதைவிட நல்ல வழி உண்டு என்று அவர் நிரூபித்தபோது, துறையில் இருந்தவர்களுக்கே அதை நம்பச் சங்கடமாக இருந்தது. அதைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தவர்கள் பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள். 1977இல் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் பேஸ்பால்.

1970 பருவத்தில் 18 ஆட்டக்காரர்கள் முதல் 45 வாய்ப்பில் எப்படி அடித்தார்கள் என்று அவர்கள் ஓர் அட்டவணை போட்டார்கள். உச்சியில் பிட்ஸ்பர்க்கின் ரொபர்ட்டோ கிளமெண்டே, 0.400. அடியில் மேக்ஸ் ஆல்விஸ், 0.156. பதினெட்டுப் பேரின் பொதுச் சராசரி 0.265. இனி ஸ்டீன் சொல்படி செய்ய வேண்டியது இது: ஒவ்வொருவரும் அந்த நடுப்புள்ளியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறாரோ, அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக விட்டுவைத்து, மீதியை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதித் தள்ளிவிட வேண்டும். கிளமெண்டேயின் 0.400 இப்போது 0.294 ஆகிவிடுகிறது. ஆல்விஸின் 0.156, 0.242 ஆக ஏறுகிறது.

பார்த்தால் அடாவடித்தனம். கிளமெண்டே அடித்ததற்கும் மற்றவர்கள் அடிக்காததற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் மீதிப் பருவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பதினெட்டில் பதினாறு பேருக்கு, நடுவை நோக்கி இழுத்த எண்ணே உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால், பள்ளிக்கூடப் பதிலைவிட மூன்றரை மடங்கு குறைவு. இதைவிட விசித்திரம் ஒன்றும் அந்தக் கட்டுரையில் உண்டு. சிகாகோவில் ஓடும் கார்களில் வெளிநாட்டுக் கார் எத்தனை பங்கு என்பதையும் இந்த ஆட்டக்காரர்களோடு சேர்த்துக் கணக்குப் போடலாம். அப்போதும் தேற்றம் கலங்காது.

பட்டியலில் இரண்டாவதாக நின்ற ஒருவர் 45இல் 17 ஹிட் அடித்திருந்தார்: 0.378. நம் புளியங்கொட்டைக்கு நல்ல நாளாக இருந்தால் வரும் அதே எண். ஸ்டீன் முறை அவரை 0.289க்கு இறக்கியது. மீதிப் பருவத்தில் அவர் அடித்தது 0.298. அவர் பெயர் ஃபிராங்க் ராபின்சன்.

ஆனால் ஸ்டீனின் உத்தரவாதத்தில் பொடி எழுத்து ஒன்று உண்டு. மொத்தப் பிழை குறையும் என்றுதான் தேற்றம் சொல்கிறது. தனி ஓர் ஆளுக்கு அது எந்த வாக்குறுதியும் தரவில்லை. அதே அட்டவணையின் கீழ்ப்பகுதியில் நியூயார்க் யாங்கீஸின் 22 வயதுப் புதுமுகம் தர்மன் மன்சன் இருந்தார். 45இல் 8 ஹிட், 0.178. கணக்கு அவரை 0.247க்கு உயர்த்தியது. மீதிப் பருவத்தில் அவர் 0.316 அடித்து, லீகின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். அவர் மட்டை சுழற்றுவதை வருடக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு பயிற்சியாளருக்கு 45 வாய்ப்பில் இல்லாத ஏதோ தெரிந்திருக்கலாம். அடுப்பங்கரையில் “நான் கண்ணால் பார்த்தேன்” என்று மேசையைத் தட்டுகிறவரை அதனால்தான் ஒரேயடியாக ஒதுக்கிவிட முடிவதில்லை. அவரைப் போலத் தட்டிய மற்றப் பதினேழு பேரை நாம் மறந்துவிடுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதெல்லாம் ஆளை எடைபோடுகிற பாடு. விலை பேசுவதில் வேறொரு பொறி இருக்கிறது.

ஐ.பி.எல். ஏலத்தில் யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்று ஊரே பார்க்கும். பேஸ்பாலில் ஃப்ரீ ஏஜென்டை, அதாவது ஒப்பந்தம் முடிந்து யாருக்கும் கட்டுப்படாமல் நிற்கும் ஆட்டக்காரரை, ஒவ்வொரு அணியும் அவருடைய முகவரிடம் தனித்தனியே விலை பேசும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவதுபோல, அடுத்தவன் என்ன கேட்டான் என்று இவனுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஓர் ஆட்டக்காரரின் உண்மையான மதிப்பு 10 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு அணிகள் 7, 8, 9, 10, 12, 14 கோடி என்று மதிப்பிடுகின்றன. கூட்டிப் பார்த்தால் சராசரி சரியாகப் பத்து. ஆனால் ஆட்டக்காரர் சராசரியிடம் போகமாட்டார். பதினான்கு சொன்னவரிடம் போவார். எல்லோரையும்விட மேலே தப்பாகக் கணித்தவருக்கே வெற்றி.

இதற்கு ‘வென்றவன் சாபம்’ என்று பெயர். கண்டுபிடித்தவர்கள் பேஸ்பால்காரர்கள் அல்ல. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகையை அடித்துப்பிடித்து ஏலம் எடுத்த நிறுவனங்களுக்கு ஏன் எதிர்பார்த்த லாபம் வரவில்லை என்று ஆராய்ந்த அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் 1971இல் இதை எழுதினார்கள். போட்டியாளர்கள் கூடக்கூடச் சாபம் ஏறும் என்பது இதில் உள்ள கசப்பு. எந்த ஆட்டக்காரருக்காகப் பத்து அணி மோதுகிறதோ, அவரை வாங்கிய ஊரில்தான் பட்டாசும் அதிகம், பின்னால் பெருமூச்சும் அதிகம். கூடவே, சந்தைக்கு மாடு ஓட்டிவருபவனிடம் எவரும் மனதுக்குள் கேட்கும் கேள்வியும் உண்டு: இத்தனை நல்ல மாடென்றால் நீ ஏனப்பா விற்கிறாய்? பழைய அணிக்கு அவருடைய முழங்காலும் தோளும் தெரியும்.

முழங்கால் என்றதும் வயதுக்கு வருவோம். ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஆட்டக்காரர் அணியின் சொத்து மாதிரி. ஒப்பந்தம் முடிந்தாலும் வெளியே போக முடியாது. 1969இல் தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்குக் கைமாற்றியதை எதிர்த்து கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5–3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர் இரண்டு பந்துவீச்சாளர்களின் வழக்கில் அந்தப் பூட்டை உடைத்தார். பிறகு இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி வைத்த விதி இன்றும் இருக்கிறது: ஆறு வருடம் ஆடி முடித்தால் ஃப்ரீ ஏஜென்ட்.

இந்த ஆறில்தான் சூட்சுமம். 23, 24 வயதில் உள்ளே வருபவர் சந்தைக்கு வரும்போது 29, 30 ஆகிவிடும். பேட்டர்களின் உச்சம் 27 வயதை ஒட்டியே இருக்கிறது என்று பில் ஜேம்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். கான்சஸில் ஒரு பீன்ஸ் டப்பாத் தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்த்துக்கொண்டே பேஸ்பால் கணக்கு எழுதத் தொடங்கியவர் அவர். உடல் சொல்வதும் அதுதான். பந்து வீசும் மேடை 18.44 மீட்டர் தூரத்தில். மணிக்கு 150 கிலோமீட்டரில் வரும் பந்து 0.4 வினாடியில் பேட்டர் நிற்கும் தட்டுக்கு வந்துவிடும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைக் கொண்டுவர வேண்டும். கண்ணும் கையும் ஒரு நூல் தாமதித்தாலும் ஹோம்ரன் உயரமான கேட்ச்சாகிவிடும். ஆக, சந்தை திறக்கும்போது ஆள் மலையிலிருந்து இறங்க ஆரம்பித்திருப்பார். விலையோ அவர் ஏறிய உயரத்துக்குப் போடப்படும்.

ஆல்பர்ட் புஹோல்ஸ் செயின்ட் லூயிஸில் 11 பருவத்தில் 445 ஹோம்ரன் அடித்தவர், சராசரி 0.328. 2011 டிசம்பரில், 31 வயதில், ஏஞ்சல்ஸ் அணியோடு 10 வருடத்துக்கு 24 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டார். அங்கே அவர் சராசரி 0.256. ஒப்பந்தம் முடியும்முன்பே அணி அவரை அனுப்பிவிட்டது. மறுபக்கம், ஹுவான் சோட்டோ 19 வயதிலேயே மேஜர் லீகில் நுழைந்ததால் 26 வயதில் சந்தைக்கு வந்தார். உச்சம் அப்போது இன்னும் முன்னால் இருந்தது. 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அவருக்கு 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. கடைசி வருடத்தில் அவருக்கு 40 வயது. அந்தக் கணக்கு தீரும்வரை அடுப்புக்கு விறகு இருக்கிறது.

டெவிட்டுக்கு இந்த ஆய்வு எதுவும் கையில் இல்லை. முப்பது வயதுப் பேட்டர்கள் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்தினால் அவர் சொன்னது பெரும்பாலும் பலித்திருக்கும். அவர் கையில் இருந்ததோ ஒரே ஓர் ஆள்.

1970 அக்டோபரில் ஓரியோல்ஸ் மறுபடியும் வேர்ல்ட் சீரிஸுக்கு வந்தது. எதிரில் நின்ற அணி சின்சினாட்டி ரெட்ஸ். ஐந்தே ஆட்டத்தில் பால்டிமோர் முடித்துவிட்டது. அதில் இரண்டு ஹோம்ரன் ராபின்சன் அடித்தவை. அப்போது அவருக்கு வயது 35.