பாஸ்வேர்டு கேட்குதா? உங்க பெட்டியிலேயே வைங்க!

புது மென்பொருள் போடலாம்னு பென் டிரைவைச் செருகி இன்ஸ்டால் ஃபைலை ஓட்டினா, "அட்மின் பாஸ்வேர்டு கொடு" என்று திரை கேட்கும். அது லேப் சாரிடம் மட்டும்தான் இருக்கும். ஆனா ஏன் கேட்கிறது என்று தெரிந்தால், பாதி வேலைக்கு அந்தப் பாஸ்வேர்டே வேண்டாம்.

2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. நம்ம சேந்தமங்கலத்தில் அண்ணன், அக்கா வாங்கியது இன்னும் அலமாரியில் கிடக்கலாம். அதை வைத்தே பார்ப்போம்.

லினக்ஸை ஒரு மாணவர் விடுதின்னு நினைச்சுக்கோங்க. ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி உண்டு. அதுதான் 'ஹோம்' ஃபோல்டர். அதுக்குள்ள எதை வைத்தாலும் வார்டன் சாவி தேவையில்லை. சமையலறையும் மெயின் சுவிட்சும் எல்லோருக்கும் பொது. அங்கே கை வைக்க வார்டன் வரணும். லினக்ஸில் வார்டன் பெயர் 'ரூட்'.

இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் மந்திரம் இல்லை. கட்டளைகளை வரிசையாக எழுதிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், எடிட்டரில் திறந்து படிக்கலாம். "இந்த ஃபைலை அங்கே காப்பி செய்" என்று இருக்கும். அந்த 'அங்கே' பொது ஃபோல்டராக இருந்தால்தான் சிக்கல். பல ஸ்கிரிப்ட்களில் 'பிரிஃபிக்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. அதில் நம்ம ஹோம் ஃபோல்டரைக் காட்டிவிட்டால் சத்தமில்லாம அங்கே போய் உட்கார்ந்துக்கும். ஃபயர்பாக்ஸ் இன்னும் சுலபம். லினக்ஸுக்கென்று மொசில்லா தரும் சுருக்கிய ஃபைலை ஹோமில் விரித்து அப்படியே ஓட்டலாம். (ரொம்பப் பழைய லேப்டாப்பில் புது ஃபயர்பாக்ஸ் ஓடாமல் போகலாம். அதுக்குக் காரணம் பாஸ்வேர்டு இல்லை, வயசு!)

பிரிண்டர் டிரைவர் மாதிரி இயந்திரம் முழுவதையும் தொடும் சமாச்சாரத்துக்கு இந்த வழி உதவாது. சாரைத்தான் கூப்பிடணும். ஹோமில் போடுவதானாலும் லேப்பில் அவரிடம் சொல்லிட்டுச் செய்யுங்க. சாவி வேண்டாம் என்பதால் அனுமதியும் வேண்டாம்னு ஆயிடாது.

சிலர் வீட்டு லேப்டாப்தானேன்னு எதுக்கும் முன்னாடி 'சூடோ' அடிச்சுடுவாங்க. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்த கட்டளை அது. "இதை மட்டும் ரூட்டாக ஓட்டு" என்று அர்த்தம். படித்துப் பார்க்காத ஸ்கிரிப்ட்டுக்கு அதைக் கொடுப்பது, முன்பின் தெரியாத ஆளிடம் விடுதிச் சாவிக்கொத்தையே நீட்டுவது போல.

சூடோ இல்லாமல் ஓட்டினால் ஸ்கிரிப்ட் கெட்டதாக இருந்தாலும் சமையலறை தப்பிச்சுடும். பெட்டி தப்பாது! அது உங்க பெயரில் ஓடுவதால் உங்க புராஜெக்ட், போட்டோ எல்லாவற்றையும் அழிக்க அதுக்கு உரிமை உண்டு. அதனால ஓட்டும் முன் ஸ்கிரிப்ட்டைத் திறந்து 'ஆர்எம்' என்று தொடங்கும் வரி இருக்கான்னு தேடுங்க. அழிக்கும் கட்டளை அது. எந்த ஃபோல்டரை அழிக்கச் சொல்லுதுன்னு பாருங்க. புரியலைன்னா ஓட்டாதீங்க, சாரிடம் காட்டுங்க.