உங்களுக்குத் தெரியுமா? சுடுகாட்டு மல்லியும் இரத்தப் புற்றுநோயும்

தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணிப் பக்கத்து மணற்காட்டில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடப்பதும், பூஜைக்கு ஆகாதென்று பலர் சுடுகாட்டு மல்லி எனப் பெயரிட்டு ஒதுக்கியதுமாகிய நித்தியகல்யாணியின் இலையிலிருந்துதான், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஜீவாதாரமான வின்கிரிஸ்டின் என்னும் ஔஷதம் பிரித்தெடுக்கப்படுகிறது.

இரத்தநாளத்தில் ஏறினால் அமிர்தமாகும் இது, தவறி முதுகுத்தண்டின் நீரில் கலந்துவிட்டாலோ பெரும்பாலும் பிராணாபாயம். அதே குழந்தைக்கு மெதோட்ரெக்சேட் என்னும் வேறொரு மருந்தை முதுகுத்தண்டின் நீரிலேயே செலுத்தவேண்டியிருப்பதால், ஒன்றுக்கொன்று மாறிவிடாதபடி வின்கிரிஸ்டினை ஊசிக்குழலில் வைக்காமல் சிறு உப்புநீர்ப் பையில் கலந்தே தரவேண்டுமென்று 2007-இல் உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

ஆதலால், டாக்டர் சீட்டு எழுதியதோடு காரியம் முடிவதில்லை. இரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் பரிசோதகர், மருந்தைக் கலக்கும் மருந்தாளுநர், குழந்தையின் மணிக்கட்டுப் பட்டையிலுள்ள பெயரை உரக்கப் படித்துச் சரிபார்க்கும் செவிலியர் இருவர் என்று கைகள் பல சேரவேண்டும். மூழ்குபவர் ஒருவர், மேலே கயிறு பிடிப்பவர் ஒருவர் என்று முத்துக்குளித்த நம் கரைக்கு இது புதிய ஏற்பாடா என்ன!

இத்தகைய சிகிச்சை தரும் இடங்களுள் ஒன்றான, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிரயாசையால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவை 1960-இல் கண்டது.