கறையானும் கொப்புள வண்டும்

தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இரண்டு விரோதிகள் உண்டு. ஒன்று இருளில் மறைந்து வேலை செய்வது. மற்றொன்று பட்டப்பகலில் வந்து பூவைத் தின்பது. முன்னது கறையான், பின்னது கொப்புள வண்டு. இவ்விரண்டின் குணாதிசயங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையான விஷயம்.

கறையானை வெள்ளை எறும்பு என்பாரும் உளர். ஆனால் எறும்புக்கும் அதற்கும் பந்துத்துவம் கிடையாது. கரப்பான் பூச்சியே அதன் நெருங்கிய உறவு. நம் வயல்வெளிகளில் உயரமான புற்றெழுப்பும் ஜாதிக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் 'ஓடான்டோடெர்மெஸ் ஒபீஸஸ்'. இதன் தொழிலாளிகளுக்குக் கண் பார்வை இல்லை. ஆயினும் அவை கைதேர்ந்த விவசாயிகள்! சருகையும் உலர்ந்த மரத்தையும் அரித்துச் சென்று, புற்றினுள் கடற்பஞ்சு போன்ற பாத்திகள் அமைத்து, அவற்றில் பூஞ்சணம் பயிரிட்டு உண்கின்றன. மழைக்குப்பின் புற்றின்மீது முளைக்கும் காளான் அந்தப் பயிரின் விளைவேயாகும். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசலும் சிறகு முளைத்த கறையானே.

கொப்புள வண்டுக்கோ ராஜாவுமில்லை, ராணியுமில்லை, மாளிகையுமில்லை. கரிய உடலில் செம்மஞ்சள் பட்டைகளுடன் பார்வைக்கு வெகு அழகு! செம்பருத்தி, வெண்டை, துவரை ஆகியவற்றின் மலர்களே அதன் ஆகாரம். பூ போனால் காய் ஏது? அதைத் தொட்டாலோ கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நிறத் திரவம் கசியும். அதிலுள்ள 'காந்தாரிடின்' என்னும் விஷம் தோலில் கொப்புளங்களை உண்டாக்கும்.

எனினும், இவற்றை முழுக் கொடியவை என்று தள்ளிவிடலாகாது. இந்த வண்டின் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளியின் முட்டைகளைத் தின்று வளர்கின்றன. கறையானும் காய்ந்த சருகை மண்ணோடு சேர்த்து, நிலத்தினுள் காற்றும் நீரும் புக வழி செய்கிறது. வாசற்காலிலும் புத்தகப் பெட்டியிலும் அது நுழையும்போதுதான் வழக்கு ஏற்படுகிறது.

ஆகவே, மரச் சாமான்கள் ஈரமண்ணில் படாதவாறு வைத்து, சுவரில் மண் கோடுகள் தென்பட்டால் உடனே கவனிக்க வேண்டும். வண்டுகளை வெறுங்கையால் தொடாமல், இடுக்கியால் எடுத்துச் சோப்பு நீரில் போட்டுவிடலாம். குழந்தைகள் அதன் அழகில் மயங்கிப் பிடிக்காதபடி எச்சரிப்பது அவசியம். தவறித் தொட்டுவிட்டால், கண்ணில் கை படுமுன் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

புத்தக அலமாரியையும் பூச்செடியையும் காப்பது நம் பொறுப்பு. மற்ற இடங்களில் அவை தத்தம் தொழிலைச் செய்துகொண்டு போகட்டும்!