செம்மறியின் மேனியில் ஒரு மெழுகு

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நாட்களில், சுரண்டை, தென்காசி வட்டாரத்து வயல்களில் செம்மறியாடுகளைக் கிடை போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் திறந்த வெளியில் படுத்திருக்கும் ஆட்டுக்குக் கூரை ஏது? குடை ஏது?

நம் வட்டாரத்துச் செவ்வாடு, கீழக்கரிசல் போன்ற இனங்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. அவற்றின் உடலில் இருப்பது குட்டையான மயிர்தான். உடலை ஒரு முறை உலுக்கினால் நீர் சிதறிவிடும். காற்றுப் பட்டதும் மயிர் காய்ந்துவிடும்.

ஆனால் நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே குளிரும் மழையும் மாதக் கணக்கில் நீடிக்கும். அங்குள்ள செம்மறி அடர்ந்த கம்பளி போர்த்தியிருக்கும். அந்தக் கம்பளி பஞ்சுபோல் நீரை உறிஞ்சிக் கொண்டால் ஆடு பாரம் தாங்காமல் குளிரில் விறைத்துவிடும் அல்லவா? அதைத் தடுக்க இயற்கை செய்திருக்கும் ஏற்பாடுதான் கம்பளி மெழுகு.

கொழுப்பா, மெழுகா?

ஆட்டின் தோலில், ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றிலிருந்து கசியும் மஞ்சள் நிறப் பசை, இழைகளின் மீது மெல்லிய படலமாகப் படிகிறது. மழைத்துளி அதன்மேல் விழுந்தால் பரவாமல், தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டுவிடும். மெரினோ போன்ற மென்கம்பளி ஆடுகளில், வெட்டி எடுத்த கம்பளியின் எடையில் சுமார் 10 முதல் 25 சதவீதம் வரை இந்தப் பசையே இருக்கும். நம் ஊர் மயிர்ச் செம்மறிகளில் இது மிகக் குறைவு. அது ஒரு குறை அன்று. நமது வெயிலுக்குக் கனத்த கம்பளியும் தேவையில்லை. அதற்குக் காவலும் தேவையில்லை.

இதைக் கம்பளிக் கொழுப்பு என்று சொல்வது வழக்கம். ஆனால் வேதியியல்படி இது கொழுப்பு அன்று, மெழுகு. நெய்யிலும் எண்ணெயிலும் கொழுப்பு அமிலங்கள் கிளிசரினுடன் சேர்ந்திருக்கின்றன. இதிலோ கிளிசரின் இல்லை. கொழுப்பு அமிலங்கள் கொலஸ்டிரால், லானோஸ்டிரால் போன்ற பெரிய ஆல்கஹால்களுடன் சேர்ந்திருக்கின்றன. ஆகவே இது நெய்போல எளிதில் சிக்குப் பிடிப்பதில்லை.

இதில் ஒரு விந்தை உண்டு. நீரை விரட்டும் இதே மெழுகு, நீரைத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும். தன் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரை இதில் குழைத்துவிடலாம்! மூலக்கூறின் நீண்ட பகுதி நீரை ஒதுக்குகிறது. அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியோ நீரை நாடுகிறது. எனவே நீர் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து மெழுகுக்குள் சிறைப்பட்டு விடுகிறது. இந்த இரட்டைக் குணமே இதன் பயன்களில் பலவற்றுக்கு அடிப்படை.

கழிவிலிருந்து செல்வம்

கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ், கம்பளியிலிருந்து இதைப் பிரிக்கும் முறையை முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். 1880களில் ஜெர்மானிய அறிஞர் ஆஸ்கர் லீப்ரைக் இதைத் தூய்மைப்படுத்தி மருத்துவத்தில் புகுத்தினார். லானோலின் என்ற பெயரும் வந்தது. லத்தீனில் லானா என்றால் கம்பளி; ஓலியம் என்றால் எண்ணெய்.

இது உருகும் வெப்பநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ். ஆகவே ஆலைகளில் கம்பளியைச் சோப்புக் கலந்த வெந்நீரில் அலசுகிறார்கள். மெழுகு உருகி, நீரோடு கலந்து வெளியேறுகிறது. அந்தக் கலங்கல் நீரை மையவிலக்குப் பொறியில் அதிவேகமாகச் சுழற்றினால், கனமான நீரும் மண்ணும் விளிம்புக்குத் தள்ளப்படும். அடர்த்தி குறைந்த மெழுகு நடுவே ஒதுங்கும். பாலிலிருந்து பாலாடை பிரிக்கும் பொறியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு ஒரு கம்பளி நகரம். அதன் ஆலைக் கழிவு ஓடைகளையும் ஆற்றையும் பாழாக்கியது. பின்னர் அந்நகரம் எஷோல்ட் என்னும் இடத்தில் கழிவுநீர் நிலையம் அமைத்து, அந்த நீரிலிருந்து மெழுகைப் பிரித்து விற்றது. ஆற்றைக் கெடுத்த பொருளே நகரத்துக்கு வருமானமும் ஆயிற்று.

உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது?

உதட்டு வெடிப்புக்குப் பூசும் களிம்பின் அட்டையைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் லானோலின் இருக்கும். அது தோலின் ஈரம் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. பாலூட்டும் தாய்மாருக்கு ஏற்படும் மார்புக்காம்பு வெடிப்புக்கும் தூய லானோலின் தரப்படுகிறது. (சிலருக்கு இது ஒவ்வாமை தரும், அரிப்பு கண்டால் நிறுத்திவிட வேண்டும்.) தோல் பொருள்களை மென்மையாக்கவும், இரும்புக் கருவிகளைத் துருவிலிருந்து காக்கவும் இது உதவுகிறது. ஈரமும் காற்றும் இரும்பைத் தொடாவிட்டால் துரு ஏது?

இன்னும் வியப்பானது வைட்டமின் டி3. மருந்துக் கடையில் விற்கும் டி3 மாத்திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் கம்பளி மெழுகுதான். அதிலிருந்து கொலஸ்டிராலைப் பிரித்து, சிறிது மாற்றி, அதன்மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். வெயில் படும்போது உங்கள் தோலில் நடக்கும் அதே வினையே அங்கும் நடக்கிறது! இத்தகைய ஸ்டிரால்களுக்கும் வைட்டமின்களுக்கும் உள்ள உறவை ஆராய்ந்த அடால்ஃப் விண்டாஸ் 1928இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

செய்து பாருங்கள்

ஒரு கரண்டி லானோலினையும் ஒரு கரண்டி வாசலினையும் தனித்தனித் தட்டுகளில் எடுத்துக் கொள்ளுங்கள். இரண்டிலும் துளித்துளியாக நீர் விட்டுக் குழையுங்கள். வாசலின் விரைவில் நீரைக் கக்கிவிடும். லானோலின் ஏற்றுக்கொண்டே போகும். அடுத்து, பளபளப்பாகத் தேய்த்த மூன்று ஆணிகளில் ஒன்றுக்கு லானோலினும் ஒன்றுக்கு வாசலினும் தடவுங்கள். மூன்றாவதைச் சும்மா விடுங்கள். மூன்றையும் உப்பு நீரில் நனைத்த துணிமேல் ஒரு வாரம் வைத்திருந்து ஒப்பிடுங்கள்.

நீலகிரி ஆட்டைக் காப்போம்

நீலகிரிச் செம்மறி, 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டுடன் டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் இனங்கள் கலந்து உருவானது. தமிழகத்தின் மென்கம்பளி இனம் இது ஒன்றே. மேய்ச்சல் நிலம் தேயிலைத் தோட்டமாகவும் மரத் தோட்டமாகவும் மாறியதால் இதன் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி இனவிருத்தி ஆராய்ச்சி நிலையம் இதைப் பேணி வருகிறது. மெழுகை எந்த நாட்டிலிருந்தும் வாங்கிவிடலாம். மலைக் குளிருக்கும் மழைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஓர் இனம் அழிந்துவிட்டால், அதை எந்த ஆலையிலும் செய்ய முடியாது. சமவெளி வெயிலுக்குச் செவ்வாடு, மலைக் குளிருக்கு நீலகிரி ஆடு. இரண்டும் நமக்கு வேண்டும்.