வழிபாட்டிடமும் பண்டகசாலையும்: தூய லூக்கா – தூய மத்தேயு ஆலயம், புரூக்ளின்

அரைவட்ட வளைவுகளும் பருத்த சுவர்களும் கொண்ட ரோமனெஸ்க் மறுமலர்ச்சிப் பாணியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த இவ்வாலயம், ஆங்கிலிக்க மரபின் அமெரிக்கக் கிளையான எபிஸ்கோப்பல் திருச்சபையைச் சேர்ந்தது. 2012 அக்டோபர் 29 அன்று கரையைக் கடந்த சாண்டி புயல் நியூயார்க்கின் ராக்கவே, கோனி தீவு முதலிய கடலோரக் குடியிருப்புகளை வெள்ளக்காடாக்கியபோது, முந்தைய ஆண்டின் வால் ஸ்ட்ரீட் முற்றுகைப் போராட்டத்தில் பழகியவர்கள் திரட்டிய ‘ஆக்குப்பை சாண்டி’ என்னும் தன்னார்வக் குழுவுக்கு ஆலயம் தன் கட்டடத்தைத் திறந்துவிட்டது. வழிபடுவோர் அமரும் நீண்ட மர இருக்கைகளிலும் அவற்றின் இடைவழிகளிலும் நன்கொடைப் பொருள்கள் குவிந்து, வகை பிரிக்கப்பட்டு, வண்டிகளில் ஏறின.

மணமக்கள் தமக்கு வேண்டிய பரிசுகளை முன்கூட்டியே பட்டியலிட்டு வைப்பதற்காக அமேசான் இணைய அங்காடி அளித்துவந்த வசதியை இக்குழு நிவாரணத்துக்குத் திருப்பியது. குழுவின் செயல்களில் இதுவே மிகக் கூர்மையான யுக்தி எனலாம். கொடுப்பவர் தமக்குத் தோன்றியதை அனுப்பாமல், பட்டியலில் குறித்த கைவிளக்கு, போர்வை, துப்புரவுப் பொருள் ஆகியவற்றையே வாங்கி ஆலய முகவரிக்கு நேரே அனுப்ப இதனால் வழி பிறந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23 அதிகாலையில், தீவைப்பு எனக் கருதப்பட்ட நெருப்பில் ஆலயத்தின் முகப்பு வாசல் சேதமுற்றது. நிவாரணப் பணி நிற்கவில்லை.