பார்த்து எழுதுதல் இழிவாகுமோ?

குத்துக்கல்வலசையிலிருந்து ஒரு வாலிப நேயர் நமக்குக் கடிதம் விடுத்திருக்கிறார். தைல வர்ணச் சித்திரம் பயில அவா மேலிட்டு, ரவிவர்மா தீட்டிய சரித்திரப் படமொன்றை அச்சுப் பிரதியிலிருந்து பார்த்து எழுதத் தொடங்கியிருக்கிறாராம். சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு 1880-இல் திருவனந்தபுரம் வந்தபோது, ஆயில்யம் திருநாள் மகாராஜா உடனிருக்க, விசாகம் திருநாள் அவரை வரவேற்கும் காட்சி அது. பிறர் படத்தைத் திருப்பி எழுதுவதும் ஒரு கலையா என்று நண்பர் சிலர் நகைக்கின்றனராம். அன்னிய கவர்னருக்கு உபசாரம் நடக்கும் படந்தானா அகப்பட்டது என்று வேறு சிலர் இடித்துரைக்கின்றனராம்.

பின்னைய ஆக்ஷேபம் நம் நெஞ்சிலும் தைக்கவே செய்கிறது. எனினும், அடிமை நாளின் காட்சியை அறிந்து எழுதுவது வேறு, அதைப் போற்றுவது வேறு. பல மனிதர் ஒரே சபையில் நிற்கும் நிலை, பட்டின் மினுக்கு, முகத்தின் நிழல் ஆகிய யாவையும் ஒருங்கே கற்பிக்கும் படம் நம்மவர் கையால் எழுதப்பட்டதாயிருக்க, அதை ஏன் ஒதுக்க வேண்டும்?

முன்னைய ஆக்ஷேபத்துக்கு ரவிவர்மாவின் சரித்திரமே மறுமொழி. 1862-இல் பதினான்கு வயதுச் சிறுவராய்த் திருவனந்தபுரம் சென்ற அவருக்கு, அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் தைல வர்ண நுட்பத்தைச் சொல்லித்தர இசையவில்லை. நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை இரவில் இரகசியமாய் வந்து கற்பித்தார் என்பர். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியரோ, தாம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே அனுமதித்தார். வித்தையை மறைத்து வைத்து நம் தேசம் இழந்தது கொஞ்சமா! எழுதி முடித்த படம் ஒன்றே எவரிடமும் எதையும் ஒளிப்பதில்லை.

மேனாட்டிலும் இதுவே வழி. லியோனார்டோ பிளாரன்ஸ் மண்டபச் சுவரில் எழுதத் தொடங்கிய அங்கியாரிப் போர்ச் சித்திரம், தைல வர்ணம் சுவரில் பிடிக்காமல் பாழாயிற்று. ரூபென்ஸ் முதலியோரின் கைபட்ட பிரதிகளாலேயே அதன் உருவம் இன்று நமக்குத் தெரிகிறது. புகழ் பெற்ற பின்னரும் அந்த ரூபென்ஸ், 1628-இல் மாட்ரிட் நகரில் டிஷியனின் படங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினார்.

இனி, காரியம். அச்சுப் படத்திலும் துணியிலும் சமமான கட்டங்களை இழுத்துக்கொண்டு, முதலில் மனிதர் கூட்டத்தின் திரளை மட்டும் குறிக்க வேண்டும். நகையையும் சரிகையையும் முதலில் தொட்டவன் கெட்டான். அடுத்து ஒரே பழுப்பு வர்ணத்தால் ஒளியும் நிழலும் பிரிக்க வேண்டும். அடிப்பூச்சில் டர்பன்டைன் மிகுதியாகவும், மேற்பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெய் வரவர அதிகமாகவும் இருப்பது அவசியம். மாற்றினால், மேற்பூச்சு முந்திக் காய்ந்து இறுக, அடிப்பூச்சு பின்னர் அசைய, படம் வெடிக்கும். எண்ணெய் நீரைப்போல ஆவியாவதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றே இறுகும். ஆகவே சாரல் காலத்தின் ஈரத்திலும் குளிர்ச்சியிலும் அது தாமதிக்கும். பொறுமை வேண்டும்.

இடையே ஒருநாள் குற்றாலம் சென்று சித்திர சபையையும் கண்டு வரட்டும். ஐந்து சபைகளுள் ஒன்றான அங்கே நடராஜப் பெருமான் சித்திர வடிவாகவே எழுந்தருளியிருக்கிறார்.

வக்கீல் என்ற முறையிலும் ஒரு வார்த்தை. ரவிவர்மா காலமானது 1906-இல். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரையே சட்டம் உரிமையைக் காக்குமாதலால் இதில் தடையில்லை. ஆனால், மூலப் படம் எழுதியவர் பெயரையும், ‘பார்த்து எழுதியது’ என்பதையும், தம் பெயரையும் அடியில் பொறிக்கத் தவறக்கூடாது. பிரதியை மூலமென்று விற்பது மோசடி.

சாரல் ஓய்ந்து படம் காய்ந்ததும் நம் காரியாலயத்துக்குக் கொண்டுவரட்டும். நகைத்த நண்பர்களையும் உடன் அழைத்து வரலாம்.