குற்றம் பேட்டரி மீதா?

சனிக்கிழமை இரவு. ஒரு குடும்பம் தேக்காவில் காய்கறிகளும் மளிகைப் பொருள்களும் வாங்கிக்கொண்டு, சையது ஆல்வி சாலை அருகே நிறுத்திய காருக்குத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பதினைந்து ஆண்டுப் பழைய கார். சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்ற ஓசை மட்டுமே கேட்கிறது. இயந்திரம் சுழலவில்லை. பேட்டரியை மாற்றி இன்னும் மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. "புதுப் பேட்டரியே இப்படியா?" என்று எல்லாரும் திகைக்கிறார்கள்.

பலர் உடனே பேட்டரியைக் குறை சொல்வார்கள். சிலர் இன்னொரு பேட்டரியை வாங்கிப் பொருத்துவார்கள். அதுவும் சில வாரங்களில் சோர்ந்துபோகும். உண்மையான பழுது வேறோர் இடத்தில் ஒளிந்திருக்கும்போது, நல்ல பாகங்களை மாற்றுவதால் பணந்தான் வீணாகும்.

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் முறை 1990ஆம் ஆண்டு நடப்புக்கு வந்தது. சான்றிதழ் பத்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பிறகும் காரை வைத்திருக்க விரும்புவோர், சான்றிதழை ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். பத்து ஆண்டுகளைக் கடந்த கார்கள் ஒவ்வோர் ஆண்டும் கட்டாயச் சோதனைக்குச் செல்லவேண்டும். அத்தகைய கார்களில் இயந்திரம் நன்றாக இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள மின்கம்பிகளுக்கு வயதாகிவிடுகிறது. இயந்திரத்தின் சூடும் அதிர்வும் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. நம் நாட்டின் ஈரப்பதம் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பை ஏற்படுத்துகிறது.

காரின் மின்னேற்ற அமைப்பைப் புரிந்துகொள்ள, ஒரு வீவக அடுக்குமாடிக் கட்டடத்தை நினைத்துப் பார்க்கலாம். கூரையில் நீர்த்தொட்டி இருக்கிறது. கீழே உள்ள பம்பு அதற்கு நீரை ஏற்றுகிறது. இரண்டையும் குழாய் இணைக்கிறது. காரில் பேட்டரிதான் தொட்டி. இயந்திரத்தின் பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர்தான் பம்பு. தடித்த மின்கம்பிதான் குழாய். குழாயில் துரு அடைத்துக்கொண்டால், தொட்டியை மாற்றினாலும் பம்பை மாற்றினாலும் தொட்டி நிரம்பாது.

காரை இயக்கத் தொடங்கும்போது பேட்டரி மின்சாரம் தருகிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. விளக்குகள், குளிரூட்டியின் விசிறி, மழைத்துடைப்பான் ஆகியவற்றுக்கு மின்சாரம் கொடுப்பதோடு பேட்டரிக்கும் அது மின்னேற்றம் செய்கிறது. முழுமையாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி, இயந்திரம் ஓடாதபோது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது பழைய கார்களில் அதே முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கவேண்டும். இந்த இரண்டு எண்களும் மருத்துவர் பார்க்கும் நாடித் துடிப்பைப் போன்றவை.

அனுபவம் உள்ள பழுதுபார்ப்பாளர் முதலில் எதையும் கழற்றமாட்டார். கண்ணால் பார்ப்பார், பிறகு அளப்பார். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பேட்டரி முனைகளில் வெண்பொடி பூத்திருக்கிறதா என்று கவனிப்பார். அதன் பிறகு மல்ட்டிமீட்டரை எடுப்பார். மின்னழுத்தத்தை அளக்கும் இந்தச் சிறிய கருவி விலை உயர்ந்ததன்று. தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள சிம் லிம் டவரில், மின்னணு உதிரிபாகங்களோடு இத்தகைய கருவிகளும் விற்கப்படுகின்றன.

மேலே சொன்ன காரையே எடுத்துக்கொள்வோம். பேட்டரிக்கு மின்னேற்றம் செய்து இயந்திரத்தை ஓடவிட்டு, விளக்குகளையும் குளிரூட்டியையும் போட்டபோது பேட்டரியில் 12.4 வோல்ட் மட்டுமே இருந்தது. அப்படியானால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டதா? அதன் முனையிலேயே அளந்தபோது 14.2 வோல்ட் இருந்தது. பம்பு நன்றாகத்தான் வேலை செய்கிறது. தொட்டிக்குத்தான் நீர் வந்து சேரவில்லை. வழியில் 1.8 வோல்ட் தொலைந்துபோகிறது. அது எங்கே தொலைகிறது?

மின்சாரத்துக்குப் போகவும் வரவும் இரண்டு பாதைகள் உண்டு. முதலில், மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும் மறுமுனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் வைக்கவேண்டும். நல்ல கம்பியாக இருந்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் இருக்கும், கருவி 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. இந்தக் காரில் 1.7 வோல்ட் காட்டியது. அடுத்து, ஆல்டர்னேட்டரின் உடற்பகுதிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தபோது 0.1 வோல்ட்தான். எனவே, திரும்பி வரும் எர்த் பாதையில் குறை இல்லை. பழுது நேர்முனைப் பாதையில் இருக்கிறது.

இனி அந்தப் பாதையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கவேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கம்பி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பானைக் கடந்து பேட்டரிக்குச் செல்கிறது. இணைப்பானுக்கு முன்புள்ள கம்பியில் 0.1 வோல்ட், பின்புள்ள கம்பியிலும் 0.1 வோல்ட், இணைப்பானில் மட்டும் 1.5 வோல்ட்! அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. பிளாஸ்டிக்கின் ஓரம் உருகிப் பழுப்பாகியிருக்கிறது.

பிளாஸ்டிக் ஏன் உருகியது? சிறு கணக்கு ஒன்று விடை சொல்லும். அந்த வழியாக 30 ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது என்று கொள்வோம். 1.5 வோல்ட்டை 30 ஆம்பியரால் பெருக்கினால் 45 வாட். சாதாரண முகப்பு விளக்குப் பல்பு ஒன்று ஏறத்தாழ 55 வாட் திறன் கொண்டது. அதாவது, பேட்டரிக்குப் போகவேண்டிய சக்தி, ஒரு சிறிய இணைப்பானுக்குள் முகப்பு விளக்கைப் போலச் சூட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தது. இத்தகைய சூடு தீ விபத்துக்கும் வழிவகுக்கலாம்.

காரை நிறுத்திவிட்டு அதே இணைப்பானின் மின்தடையை அளந்திருந்தால் பழுது தெரிந்திருக்காது. ஓம் விதிப்படி அங்கே இருந்த தடை 0.05 ஓம் மட்டுமே. சாதாரண மல்ட்டிமீட்டரால் அவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்ட இயலாது. கம்பி அறுபடாமல் இருப்பதால் "எல்லாம் சரி" என்றே அது சொல்லும். கம்பி சுமையைத் தாங்கும்போது அளந்தால்தான் அதன் உண்மை நிலை தெரியும். பகலில் குறுகிய தூரம் ஓடும்போது சரியாக இருந்த கார், விளக்குகளும் குளிரூட்டியும் சேர்ந்து இயங்கும் இரவில் சோர்ந்துபோனதற்கும் இதுவே காரணம்.

பழுதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், சரிசெய்வது எளிது. முதலில் இயந்திரத்தை நிறுத்திப் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றவேண்டும். களிம்பு ஏறிய பகுதியை நறுக்கி எறிந்து, பளபளக்கும் செம்பு தெரியும்வரை உறையை நீக்கவேண்டும். அதே தடிமனுள்ள கம்பியையும் புதிய இணைப்பானையும் உரிய கருவியால் அழுத்தி இறுக்கிப் பொருத்தவேண்டும். ஈரம் புகாமல் சூட்டில் சுருங்கும் உறையால் மூடவேண்டும். கம்பியை வெறும் கையால் முறுக்கி நாடா சுற்றினால், அதே பழுது விரைவில் மீண்டும் வரும். கடைசியாக, அதே சுமையில் மீண்டும் அளக்கவேண்டும். பேட்டரியில் 14 வோல்ட் வந்தால்தான் வேலை முடிந்ததாகப் பொருள்.

இந்த வேலையில் கவனக்குறைவுக்கு இடமில்லை. ஓடும் பெல்ட்டின் அருகே தளர்ந்த ஆடையோ தொங்கும் சங்கிலியோ இருக்கக் கூடாது. விரலில் உள்ள மோதிரம் பேட்டரி முனையையும் காரின் உடற்பகுதியையும் ஒருசேரத் தொட்டால் கடுமையான தீக்காயம் ஏற்படும். ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதற்காக, இயந்திரம் ஓடும்போதே பேட்டரிக் கம்பியைக் கழற்றும் பழைய வழக்கமும் தவறானது. அதனால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, காரிலுள்ள மின்னணுக் கருவிகளைக் கெடுத்துவிடும். பயிற்சி இல்லாதவர்கள் இதைத் தாமே செய்யாமல் பட்டறையை நாடுவதே நல்லது. ஆனால், "அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்க எல்லாராலும் முடியும்.

சிங்கப்பூரில் 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் யாவும் தூய்மையான எரிசக்தியில் இயங்குபவையாக இருக்கவேண்டும். அப்போது இந்தத் திறன் தேவைப்படாது என்று எண்ணிவிட முடியாது. பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் விளக்குகளுக்கும் கதவுப் பூட்டுகளுக்கும் மின்சாரம் தரும் சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. அங்கும் கம்பிகளும் இணைப்புகளும் உண்டு; களிம்பும் உண்டு.

தேக்காவில் நின்றுபோன அந்தக் காரைப் புதுப் பேட்டரியால் காப்பாற்ற முடியவில்லை. ஒரு சிறிய இணைப்பானும், பாதையைப் படிப்படியாகத் தொடர்ந்து சென்ற பொறுமையும் அதைக் காப்பாற்றின. கார் தீவு விரைவுச்சாலையின் நடுவே நின்றிருந்தால், அந்தக் குடும்பத்துக்கு ஏற்பட்டிருக்கக்கூடிய ஆபத்து மிகப் பெரியது. யார்மீதும் எதன்மீதும் குற்றம் சாட்டுவதற்கு முன்னர் அளந்து பார்ப்பதே அறிவுடைமை.